மூன்று அஸெராஜ் மரங்கள்

என் அண்ணன் மொக்ரானைப் பற்றி யாராவது ஒரு சொல் தப்பாகச் சொல்லியிருந்தால், போன வருஷம் வரைக்கும் நானே செருப்பைக் கழற்றியிருப்பேன். பிள்ளை பெறவில்லை என்று இருபத்திரண்டு வருஷம் கழித்து என் புருஷன் தலாக் சொல்லி என்னை வாசலில் நிறுத்தியபோது, பழைய பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு மலையிலிருந்து சமவெளி வரைக்கும் வந்து என்னைக் கூட்டிப் போனது அவன்தான். வழியெல்லாம் ஒரு கேள்வி கேட்கவில்லை. வீட்டு முற்றத்தில் என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "இது உன் வீடு கெனிமா. ஏன் வந்தேன்னு ஒருத்தரும் உன்னைக் கேக்க மாட்டாங்க" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனுக்கு என் தோலைச் செருப்பாகத் தைத்துக் கொடுத்திருப்பேன்.

என்னைத் தள்ளிவிட்டவன் அதற்கப்புறம் இரண்டு பேரைக் கட்டினான். அங்கேயும் தொட்டில் ஆடவில்லை. அதைப் பற்றி மட்டும் ஊரில் ஒரு வாயும் திறக்கவில்லை. மலடிப் பட்டம் எனக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

வாப்பா அப்போது உயிரோடு இருந்தார். நான் திரும்பி வந்த அந்தக் குளிர்காலத்தில், எங்கள் மலையில் யாரும் செய்யாத ஒரு காரியம் செய்தார். டவுனுக்குப் போய், பத்திரம் எழுதுகிறவரிடம் உட்கார்ந்து, மேற்குச் சரிவில் இருக்கும் பதினான்கு ஷெம்லால் ஒலிவ மரங்களையும் என் பேருக்கு எழுதிவிட்டார். எங்கள் பக்கம் மகளுக்குச் சாப்பாடு உண்டு, சொத்து கிடையாது. நிலம் பெண் கையில் போனால் அடுத்த ஊருக்குப் போய்விடும் என்று பயம். கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஜமாத்தில் பேசிக்கொண்டார்கள். மொக்ரான் மட்டும், "வாப்பா விருப்பம்" என்றான். வாப்பா இறந்தபின் பாகம் பிரித்தபோது, என் மரங்களுக்கு நேர் மேலே இருக்கும் படிக்கட்டு நிலமும் அதில் நின்ற மூன்று அஸெராஜ் மரங்களும் அவனுக்குப் போயின. அந்த மூன்றை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அஸெராஜும் ஒலிவ ஜாதிதான், ஆனால் பெரிய காய். எங்கள் வீட்டில் அதை உப்பு நீரில் ஊறப்போடுவோம், அவ்வளவுதான். எண்ணெய் என்றால் ஷெம்லால்தான்.

ஷெம்லால் காய் பார்க்க ஒன்றுமே இருக்காது, சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரிசு. ஆனால் எண்ணெய்! நான் கழியால் அடிக்க மாட்டேன். ஏணி போட்டு, கையால் உருவி, அன்றைக்குப் பறித்ததை அன்று மாலையே செக்குக்குக் கொண்டுபோவேன். மூட்டையில் ஒரு இரவு கிடந்தாலும் வாடை மாறிவிடும். பச்சையாக இறங்கும். ஒரு வாய் விழுங்கினால் முதலில் கசக்கும், அப்புறம் தொண்டையில் காரம் பிடித்து இருமல் வரும். செக்குக்காரர், "கெனிமா எண்ணெய் வந்திருச்சு, எல்லாரும் தொண்டையைப் பிடிச்சுக்குங்க" என்று கத்துவார். அந்த எண்ணெயை விற்றுத்தான் எனக்கென்று ஒரு அறை, ஒரு அடுப்பு, என் மாவு, என் காப்பித்தூள் என்று இருந்தேன். மதினி ஸ்மினா நல்லவள்தான். ஆனாலும் இன்னொருத்தி சட்டியிலிருந்து தினமும் சாப்பிடுகிறவளுக்குத்தான் தன் சட்டியின் அருமை தெரியும்.

நான்காம் வருஷ வசந்தத்தில், மரப்பட்டை கழன்று கொடுக்கும் சமயம், மொக்ரான் கத்தியும் ரம்பமுமாக வந்து நின்றான்.

"கெனிமா, மேலே நிக்கிற மூணும் வெட்டியா நிக்குது. எவ்வளவுதான் ஊறப்போட்டுத் திங்கிறது? ஷெம்லால் ஒட்டிட்டா மூணும் எண்ணெய் மரமாயிடும். உன் மரத்துல இருந்து கொம்பு எடுத்துக்கவா?"

"இதைக் கேக்கணுமாண்ணே? எந்த மரம் வேணும்னு சொல்லு."

என் மரங்களிலேயே நன்றாகக் காய்க்கும் மரத்தைக் காட்டினேன். அஸெராஜின் கிளைகளை அவன் அறுத்துத் தள்ளினான். ஒட்டுக்கொம்பைச் செருகும்போது பட்டையை விலக்கிப் பிடித்தது நான். நார் சுற்றிக் கட்டியது நான். களிமண் பூசியது நான். வெட்டிய கிளைகளை விறகுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னான். முதுகில் சுமந்து வந்து அடுக்கினேன். வேலியோரம் நின்ற காட்டு ஒலிவப் புதர்களையும் ஒன்று விடாமல் வெட்டி, அதையும் எனக்கே கொடுத்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க என் அறை கதகதப்பாக இருந்தது. அவனுக்காக துவா செய்துகொண்டே குளிர் காய்ந்தேன்.

அந்த வருஷம் காய் இல்லை. ஷெம்லால் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்க்கும் மரம். அதனால் நான் அலட்டிக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் பூ அப்படிப் பூத்தது. மரமே வெள்ளையாகத் தெரிந்தது. ஜூனில் பார்த்தால் கொத்துக் கொத்தாக மிளகு மாதிரி உருண்டைகள். உள்ளே கொட்டை கிடையாது, அதற்கு மேல் வளர்வதும் கிடையாது. கையை வைத்தால் உதிர்ந்தது. அதற்கடுத்த இரண்டு வருஷமும் அதே கதை.

ஊற்றில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். நான் குடத்தைத் தூக்கியதும் மறுபடி ஆரம்பிக்கும். "மரத்துக்கும் ஒட்டிக்கிச்சு போல" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. முதல் வருஷமாக இருந்தால் குடத்தை அவள் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். ஆனால் எனக்கே அப்போது சந்தேகம் வந்துவிட்டது. என் கைதான் காய்ந்த கையோ? தர்காவில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். கடைசி வருஷம் பூ விட்ட நாட்களில், என் நிழல் படக்கூடாது என்று மரத்துப் பக்கமே போகவில்லை. என் சொந்த மரத்தை எதிர் மேட்டில் உட்கார்ந்து, திருடி மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

ஜாடி காலியாயிற்று. கடையில் விற்கிற சோயா எண்ணெயை வாங்கி ரொட்டிக்கு ஊற்றினேன். மொக்ரான் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் முற்றத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஊர் வாயை விடு கெனிமா. உனக்குப் பாரமா இருந்தா மரத்தை என் பேருக்கு மாத்திடு. கை மாறினா ஒருவேளை காய்க்கும். உன் சாப்பாடு, துணிமணி, மருந்து எல்லாம் என் பொறுப்பு. நான் இருக்கிறவரைக்கும் நீ கை ஏந்த வேண்டாம்."

இவ்வளவு நல்லவனாக இருக்கிறானே என்று அழுதேன். அத்திப்பழம் காய வைத்து முடிந்ததும் டவுனுக்குப் போய் எழுதித் தருவதாகச் சொன்னேன். அவன் என் நெற்றியில் முத்தமிட்டான்.

ஜூன் கடைசியில் லூனிஸ் வந்தான். ஆற்றுக்கு அப்பால் இருக்கிற ஊர்க்காரன், வருஷா வருஷம் ஆண் அத்திக் காய்களைச் சரமாகக் கோத்துக் கழுதைமேல் போட்டு விற்க வருகிறவன். அந்தச் சரத்தை அத்தி மரத்தில் தொங்கவிட்டால்தான், அதிலிருந்து கிளம்பும் குட்டிப் பூச்சி பெண் மரத்துக் காய்க்குள் நுழையும். இல்லாவிட்டால் காய் அத்தனையும் உதிர்ந்துவிடும். எங்கள் ஊரில் பாவாடை கட்டத் தெரிந்த சிறுமிக்குக்கூட இது தெரியும். என் ஒற்றை அத்தி மரம் ஒலிவச் சரிவின் ஓரத்தில் இருந்தது. சரம் கட்ட வந்த லூனிஸ், தரையில் உதிர்ந்து கிடந்த மிளகு உருண்டைகளைக் காலால் தள்ளிப் பார்த்தான். பிறகு மேலே நிமிர்ந்து பார்த்தான்.

"யாருக்கா இந்த மரத்தையெல்லாம் விதவையாக்கினது?"

"என்னடா உளர்றே?"

"மேலே மூணு அஸெராஜ் நின்னுச்சே. எங்கே?"

"அண்ணன் ஷெம்லால் ஒட்டிட்டாரு. என் கையாலதான் நாரு சுத்தினேன்."

லூனிஸ் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"அக்கா, ஷெம்லால் பூவுல தூள் இருக்கும், அதுல உசிர் இருக்காது. பக்கத்துல அஸெராஜ் நிக்கணும், இல்லே காட்டு ஒலிவமாவது நிக்கணும். அந்தத் தூள் காத்துல வந்து விழுந்தாத்தான் காய் பிடிக்கும். அத்திக்கு நீ சரம் கட்டுறே. இதுக்குக் காத்தே கட்டிக்கிட்டு இருந்துச்சு, அதான் உனக்குத் தெரியலே. இந்தச் சரிவுல வேற தோப்பும் கிடையாது. அந்த மூணையும் வெட்டினா இந்தப் பதினாலும் பூத்துப் பூத்துக் கொட்ட வேண்டியதுதான்."

"அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஒட்டுக்கத்தி பிடிச்ச ஆம்பளைக்கு இது தெரியாம இருக்குமாக்கா?" என்றவன், அதிகம் பேசிவிட்டோமோ என்று பயந்து, சரத்துக்குக் காசுகூட வாங்காமல் கழுதையை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

என் கையில் தப்பில்லை என்று அந்த நிமிஷம் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. எனக்கு ஞாபகம் வந்தது வேறொன்று. வீட்டுக்குக் கீழே மொக்ரானின் சொந்தத் தோப்பில் இரண்டு இளம் மரங்கள் நின்றன. மேலே மூன்றை வெட்டிய அதே வருஷம், மழை தொடங்கியதும் அவன் நட்டவை. முதல் கோடையில் அவற்றுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியது நான்தான். ஓடினேன். அகலமான இலை, பெரிய காய். அஸெராஜ்.

ஸ்மினா அங்கே ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கக் கேட்டேன்.

"மதினி, இந்த ரெண்டும் எதுக்கு நட்டாரு அண்ணன்?"

"அதுவா? இங்கே இருந்த பழைய அஸெராஜ் பட்டுப்போச்சுல்ல. துணை இல்லாட்டா ஷெம்லால் காய்க்காதுன்னு சொல்லி உடனே வாங்கி வந்து..."

அரிவாளை அப்படியே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வாயிலிருந்து வந்ததை அவள் பேரில் எங்கேயும் சொல்வதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். சொன்னால் அவள் அந்த வீட்டில் வாழ முடியாது.

மொக்ரானிடம் நேரே போய்க் கேட்டேன். பிக்கப்பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"எனக்கென்னடி தெரியும்? நான் என்ன விவசாயம் படிச்ச ஆபீசரா? கழுதைக்காரன் பேச்சைக் கேட்டுக்கிட்டு அண்ணனைக் கூண்டுல நிறுத்துறியா?"

"கீழே ரெண்டு நட்டிருக்கியே."

"ஊறப்போட நட்டேன். உனக்குத்தானே ஊறப்போட்ட காய்னா உயிரு?"

சக்கரத்தைப் பார்த்தேதான் பேசினான். ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லையே, இன்னும் என் அண்ணன்தான் என்று நினைத்தேன்.

ஜமாத் கூடிய வெள்ளிக்கிழமை, பெண்கள் போகாத அந்த இடத்தின் வாசலில் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். தலைவர் ஹாஜி அக்லி தாடியைத் தடவிக்கொண்டு, "அவன் மரத்தை அவன் வெட்டி ஒட்டியிருக்கான். அடுத்தவன் மரத்துல கை வெச்சாத்தான் அபராதம். இதுல நாங்க என்ன செய்ய?" என்றார்.

"சரி, அதை விடுங்க. அஸெராஜ் இல்லாம ஷெம்லால் காய்க்காதுன்னு இங்க இருக்கிறவங்கள்ல யாருக்குத் தெரியாது? தெரியாதவங்க கையைத் தூக்குங்க."

முப்பது ஆண்கள். ஒரு கை எழவில்லை. எல்லாருக்கும் தங்கள் செருப்பில் என்னவோ புதிதாகத் தெரிந்தது. அவர்கள் எல்லாரும் என் சரிவு வழியாகத்தான் தினம் தங்கள் ஆடுகளை ஓட்டிப் போகிறார்கள். வெட்டியதைப் பார்த்தார்கள். பூத்ததைப் பார்த்தார்கள். உதிர்ந்ததையும் பார்த்தார்கள். தங்கள் வீட்டுப் பெண்கள் ஊற்றில் என்னைப் பேசியதும் அவர்கள் காதுக்குப் போயிருக்கும்.

"அப்படின்னா எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அண்ணன் தர்காவுல கை வெச்சு, தனக்குத் தெரியாதுன்னு சொல்லட்டும்."

ஒரு சலசலப்பு எழுந்தது. எங்கள் ஊரில் சத்தியம் சாதாரண விஷயம் இல்லை. அவுலியாவின் கல்லறைப் போர்வையில் கை வைத்துச் சொல்லிவிட்டால் வழக்கு அதோடு செத்தது, மறுபடி யாரும் அதை எடுக்கக்கூடாது. மறுத்துவிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பயந்து பின்வாங்கியவர்கள்தான் அதிகம். தேனடை திருடியவன், எல்லைக்கல்லை நகர்த்தியவன், எத்தனையோ பேர் தர்கா வாசல் வரைக்கும் வந்து உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். யோசிப்பதற்கு மூன்று நாள் அவகாசம் உண்டு. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மொக்ரான், "சரி" என்றான்.

அந்த மூன்று நாளில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவன் சத்தியம் செய்ய மறுத்தால் மரங்களை அவனுக்கே கொடுத்துவிடுவது. பதினான்கையும். எனக்கு நாற்பத்தாறு வயது. பிள்ளை இல்லை, புருஷன் இல்லை, வாப்பா இல்லை. மரத்தைத் தோற்றால் சோயா எண்ணெயைத் தின்று இருந்துவிடலாம். அண்ணனும் இல்லையென்றால் நான் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பது? "ஆமாம் கெனிமா, ஆசைப்பட்டுட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனை மன்னிப்பதற்கு நான் அவனைவிட அவசரத்தில் இருந்தேன்.

முதல் நாள் என் அறைக்குக் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். இப்போது சொல்வான் என்று நின்றேன். குழாய் கசிகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டுப் போனான். இரண்டாம் நாள் கூரையில் ஓடு மாற்றினான். கீழே நின்று ஒவ்வொரு ஓடாக எடுத்துக் கொடுத்தேன், ஒவ்வொன்றுக்கும் அவன் கண்ணைப் பார்த்தேன். மூன்றாம் நாள் வீட்டிலேயே இல்லை.

மறுநாள் காலை தர்காவில் ஊரே கூடியிருந்தது. ஸ்மினா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மொக்ரான் கால் கழுவிக்கொண்டு, வெள்ளை அங்கி போட்டு வந்தான். வாசலில் ஒரு நொடி தயங்கினான். உட்கார்ந்துவிடு அண்ணே, உட்கார்ந்துவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவன் தலையைக் குனிந்து உள்ளே போனான். பச்சைப் போர்வையில் வலது கையை வைத்தான்.

"ஷெம்லாலுக்கு அஸெராஜ் துணை வேணும்ங்கிறது எனக்குத் தெரியாது. தெரிஞ்சு என் தங்கச்சிக்குக் கெடுதல் செஞ்சிருந்தா என் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போகட்டும்."

குரல் நடுங்கவில்லை. இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தே சொன்னான். இவனுக்காகவா துவா செய்தேன்? இவன் கொடுத்த விறகிலா குளிர் காய்ந்தேன்?

"முடிஞ்சுது" என்றார் ஹாஜி அக்லி. "இனி இதைப் பேசறவங்க அபராதம் கட்டணும். தட்டைக் கொண்டு வாங்க."

சத்தியம் கேட்டவளும் சொன்னவனும் ஒரே தட்டில் சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். பாதியில் எழுந்தால் சத்தியத்தை ஏற்கவில்லை என்று அர்த்தம், அதற்கும் அபராதம். தர்கா முற்றத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் கூஸ்கூஸ் தட்டை வைத்தார்கள். மற்ற ஆண்கள் கொஞ்சம் தள்ளி வட்டமாக உட்கார்ந்தார்கள். மொக்ரான் கறித் துண்டை என் பக்கம் நகர்த்தி, அவன் தோப்பு எண்ணெயைத் தாராளமாக ஊற்றினான்.

"சாப்பிடு. இப்போ மனசு ஆறிடுச்சா?"

இரண்டு கரண்டி சாப்பிட்டேன். அதே கசப்பு, அதே காரம். பிறகு அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"நீ மட்டும் 'தெரியும்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பதினாலு மரத்தையும் உன் பேருக்கே எழுதிக் குடுத்திருப்பேன்ணே. மூணு நாளா அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

அவன் கரண்டி பாதியில் நின்றது. முகம் வெளுத்தது. வெட்கப்படுகிறான், அழப்போகிறான் என்று ஒரு கணம் நான் நம்பினேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். அவன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"இப்பச் சொன்னா குடுப்பியா?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். ஹாஜி அக்லி அபராதம் என்று ஏதோ சத்தம் போட்டார். மொக்ரான் என் பாவாடை நுனியைப் பிடித்து இழுத்தான்.

"உக்காரு கெனிமா, எல்லாரும் பாக்குறாங்க."

"நல்லா பாக்கட்டும்" என்றேன். "நாலு வருஷமா பாத்துக்கிட்டு சும்மா இருந்தவங்கதானே."